ஈரத் தானியமும் உறையின் எழுத்தும்

மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியல். அவ்வழியே சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது.

அன்பிற்குரிய வாசகர்களே! ஒட்டி மூடிய உறைக்குள் நாம் கையை நுழைக்க இயலாது. அன்று விரல் கண்டறிந்ததை இன்று உறைமேல் உள்ள எழுத்துத்தான் அறிவிக்க வேண்டும். வன்னியம்பட்டிக் கடையில் பிள்ளை வாங்கி வரும் வறுவல் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சுவைகூட்டி 631 என்றொரு எண் இருக்கக்கூடும். டைசோடியம் இனோசினேட் என்பது அதன் பெயர். தாவரத்திலிருந்தும் எடுக்கலாம், மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம். வெறும் எண் அதனைச் சொல்லுமா?

இக்கேள்வியை டில்லி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது நம்மவர் அமைப்பன்று. ராம் கௌ ரக்ஷா தள் என்னும் பசுப் பாதுகாப்பு அறக்கட்டளை! பொருள்களின் குறியீட்டு எண்ணை மட்டுமன்றி, அவை தாவரத்தினின்றா, விலங்கினின்றா, ஆய்வுக்கூடத்தினின்றா வந்தவை என்பதையும் வெளியிட வேண்டும் என 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. விலங்குப் பொருள் எத்துணைச் சிறிதாயினும் அவ்வுணவு சைவமாகாது என்றும் கூறியது. வழக்காடியவர்க்கு நன்றி கூறுவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் நம் தேவை இதனோடு நிறைவேறிவிடவில்லை. பச்சை வட்டம் அவ்வுணவு சைவம் என்று மட்டுமே கூறும். மதுசாரம் பற்றி அது பேசாது. பழுப்புக் குறியோ (2020-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை அதனை வட்டத்திலிருந்து முக்கோணமாக்கியது) எந்தப் பிராணி, எவ்வாறு அறுக்கப்பட்டது என்று கூறாது. கேக்கில் சேர்ந்தது முட்டை மட்டுமே என்றால் அதைத் தனியே குறிப்பிட விதி இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. எனவே வெறும் முட்டை கலந்த கேக்கும், பன்றிக் கொழுப்பு கலந்ததும் ஒரே குறியுடன் நம்முன் நிற்கக்கூடும்.

ஜெலட்டின் போன்றவை உருமாறியபின் கூடுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தாலல்லவா ஆலிம் ஃபத்வா கூற முடியும்? உறையை நீட்டி, “ஹஜ்ரத், இது கூடுமா?” என்று கேட்போரிடம் எத்தனையோ முறை வாய்மூடி நின்றிருக்கிறேன்.

நம் வணிகச் சகோதரர்களையும் ஒரு சொல் கேட்க வேண்டியுள்ளது. ஹலால் முத்திரை இல்லையே எனப் பிறர் சரக்கைத் தள்ளிவைக்கும் நாம், காலாவதித் தேதியின்மேல் புதுத் தாளை ஒட்டலாமா? எடையைக் குறைக்கலாமா? அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டு. தேதியை மறைத்தவர் ஈரத் தானியத்தை அடியில் தள்ளியவரேயாவார்.

இனிப் பொட்டலத்தை எறியுமுன் அதிலுள்ள நுகர்வோர் தொடர்பு முகவரியைக் காணுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அதனை அச்சிடப் பணிக்கின்றன. ஐயத்துக்குரிய எண்ணைக் குறித்து, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என எழுதிக் கேளுங்கள். வரும் பதிலை உங்கள் பள்ளி இமாமிடம் காட்டுங்கள்.