தோளில் சுமக்கிறவனைக் கேட்டீங்களா?

போன ஞாயிறு புனேயில் எங்க அபார்ட்மெண்ட் வாசலில் டீ குடிச்சிட்டிருந்தப்ப பேச்சு உக்ரைன் பக்கம் போச்சு. 2022இல் ஜாவலின் ஏவுகணை ரஷ்ய டாங்கிகளைப் பதம் பார்த்த வீடியோக்களைப் பார்க்காதவங்க யாரு? "நம்ம ஜவான் தோள்ல இன்னும் தாத்தா காலத்து ராக்கெட் லாஞ்சர்தான் சார்"னு ஒருத்தர் அலுத்துக்கிட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தத் தாத்தா, எங்க திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யறதாச்சே!

அவர் சொன்னது கார்ல் குஸ்தாவ். 84 மி.மீ. குழாய், 1948இல் ஸ்வீடனில் பிறந்தது. சுடும்போது வெடிவாயுவில் பெரும்பகுதி பின்பக்கமா வெளியேறும், அதனால தோளை உதைக்காது. ஆனா பின்னாடி எவனாவது நின்னான்னா அவ்வளவுதான். சின்ன ரூமுக்குள்ள இருந்தும் சுட முடியாது. குழாய்க்குள்ள மரைக்கோடு உண்டு, குண்டு சுழன்றுகிட்டே போகும். இதுல ஒரு சிக்கல்: டாங்கியைத் துளைக்கிற குண்டு ரொம்பச் சுழன்றா, செம்புத் தாரை சிதறி, துளைக்கும் வலு குறைஞ்சிடும். அதனால அந்தக் குண்டுக்கு மட்டும் வழுக்கும் பட்டை ஒண்ணு மாட்டி சுழற்சியைக் குறைச்சிருக்காங்க. சின்ன விஷயம்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் (பொழைப்பு மெக்கானிக்கல் ஆச்சே).

ஆர்.பி.ஜி.-7 எல்லாருக்கும் தெரியும். 1961இல் சோவியத் படைக்கு வந்தது. எடை ஏழு கிலோ சுமார், விலை குறைவு, யாரும் சீக்கிரம் பழகிடலாம். ஆனா குறுக்குக் காத்து அடிச்சா ராக்கெட் காத்து வர்ற பக்கமாவே மூக்கைத் திருப்பும். தூரம் கூடக் கூட குறி தப்பும். ஏ.டி.4 ஒரு தடவை சுட்டுட்டுக் குழாயைத் தூக்கிப் போடற ரகம்.

ஜாவலின் வேற ஜாதி. குறியைப் பூட்டி விட்டுட்டா அதுவே பறந்து போய், டாங்கியோட மெல்லிசான மேல்தலையில் விழும். சுட்டவன் உடனே இடம் மாறிக்கலாம். சந்தேகமே இல்லாம பெரிய வரம். ஆனா எல்லாம் சேர்த்து 22 கிலோ கிட்ட. 2025 நவம்பரில் அமெரிக்கா இந்தியாவுக்கு விற்க ஒப்புதல் கொடுத்தது 100 ஏவுகணை, 25 ஏவு கருவி, மதிப்பீடு 4.57 கோடி டாலர். நீங்களே வகுத்துப் பாருங்க. அதை எத்தனை ஜவான் நிஜமா சுட்டுப் பழக முடியும்? எதிரி பெரும்பாலும் டாங்கியில வர்றதில்லை, பங்கருக்குள்ள இருக்கான். 1999 கார்கிலில் மிலன் ஏவுகணையையே பங்கர் மேல சுட வேண்டியிருந்தது. குஸ்தாவுக்கோ டாங்கிக் குண்டு, ஆள் கூட்டத்துக்கு ஒண்ணு, புகைக்கு ஒண்ணு, வெளிச்சத்துக்கு ஒண்ணு. அதே குழாய்.

எங்க மாமா பையன் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். 84ல குண்டு போடற 'நம்பர் டூ'வா இருந்தவன். ஊருக்குப் போனப்ப இதைக் கேட்டேன். "மாப்ள, டாங்கி எப்பவாவது வரும். மலை தினமும் ஏறணும்"னான். பழைய எம்2 லாஞ்சர் மட்டும் 14 கிலோ. டாங்கிக் குண்டு ஒவ்வொண்ணும் மூணு கிலோவுக்கு மேல. அதோட ரைபிள், தண்ணி, கம்பளி. லடாக்ல மூச்சு விடறதே வேலை.

அதனால என் கட்சி இதுதான். ஏவுகணை வேணும். 2020 ஆகஸ்டில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே சீன டாங்கி எதிரே வந்து நின்னதை மறந்துட்டுப் பேசலை. அது பட்டாலியன் மட்டத்துல தனி ஆட்கள் கையில இருக்கட்டும். முன்னால போற பத்து பேருக்கு முதல்ல வேண்டியது அதே குஸ்தாவோட இளைச்ச தம்பி எம்4. ஏழு கிலோவுக்கும் கம்மி. ஹரியானா ஜஜ்ஜாரில் அதைச் செய்ய சாப் கம்பெனி 2024இல் தொழிற்சாலை கட்ட ஆரம்பிச்சது. நம்ம டி.ஆர்.டி.ஓ.வின் கையடக்க ஏவுகணைச் சோதனைக்குக் கை தட்டற அளவுக்கு, இந்த ஏழு கிலோ குறையறதுக்கு யாரும் கை தட்டக் காணோம்.

டீக்கடை நண்பர் இன்னும் ஒத்துக்கலை. அடுத்த ஞாயிறு மாமா பையனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேச வைக்கிறதா இருக்கேன்.