‘அசல்’ என்று சொன்னால் போதுமா?

ஜேட் கல்லைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவேன் என்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். கன்னத்தில் வைத்துப் பார், சில்லென்று இருந்தால் அசல். கண்ணாடியில் கீறு, கோடு விழுந்தால் அசல். முடியைச் சுற்றி லைட்டரைக் காட்டு, கருகாவிட்டால் அசல். இந்த மூன்றையும் தயங்காமல் குப்பையில் போடலாம்.

பச்சைச் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ் மூன்றிலும் தேறிவிடும். அதுவும் சில்லென்றுதான் இருக்கும். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, கண்ணாடி சுமார் 5.5. கீறாமல் என்ன செய்யும்? முடி கருகாததற்குக் காரணம், ஒட்டியிருக்கும் கல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதுதான். கூழாங்கல்லில் இறுக்கிச் சுற்றினாலும் சட்டென்று கருகாது.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், அம்மாவின் வளையல். “கீழ விழுந்தா எலும்பு உடையாதாம்டா, வளையல்தான் உடையுமாம்” என்று வேலையிடத்துச் சீனத் தோழி சொன்னதைக் கேட்டு, கூட்டுப் பணத்தில் 1,800 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தார். கடையில் கண்ணாடியைக் கீறிக் காட்டினார்களாம். நான் மெக்கானிக்கல் படித்தவன். கீறலை நம்பவில்லை, அடர்த்தியை அளந்தேன்.

யாரும் செய்யலாம். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். வளையலின் எடை 54.1 கிராம். பிறகு தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, வளையலை நூலில் கட்டி முழுக்க முங்கும்படி தொங்கவிட்டேன். அடியில் தொடக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. தராசு 16.4 காட்டியது. வகுத்தால் 3.3.

குவார்ட்ஸ் என்றால் 2.65 வந்திருக்கும். நெஃப்ரைட் 2.95 பக்கம். ஜேடைட் 3.3 பக்கம். ஜேட் என்ற ஒரே பெயருக்குள் இருப்பது இரண்டு வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863இல் அலெக்சி தமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்துக் காட்டினார். நாமோ இன்னும் இரண்டையும் சேர்த்து ‘மரகதம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மரகதம் மூன்றாவது கல், எமரால்டு. மொழிபெயர்க்கும் நண்பர்கள் கொஞ்சம் கருணை காட்டலாம்.

ஆக, வளையல் ஜேடைட். வீட்டில் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் உறுத்தியது. தட்டினால் ஓசை கணீரென்று இல்லை. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய பள்ளங்கள். ரத்தினக்கல் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். அகச்சிவப்பு நிறமாலையில் பாலிமர் தெரிந்தது. B வகை. அதாவது கல்லை அமிலத்தில் ஊறப்போட்டுக் கறையை வெளியேற்றி, உண்டான ஓட்டைகளைப் பிசினால் அடைத்திருக்கிறார்கள். சாயம் ஏற்றினால் C. எதுவும் ஏற்றாத, எடுக்காத கல்தான் A. பிசின் வருடங்கள் போகப்போக மங்கும், மஞ்சளாகும். விலையில் A வகைக்குப் பக்கத்திலேயே வராது.

கடைக்காரர் அசரவில்லை. “அசல் ஜேட்னுதானே சொன்னேன்? அசல் ஜேட்தானே?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல். ‘அசலா?’ என்று கேட்டது நாங்கள், அவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். ‘என்ன வகை?’ என்று யாரும் கேட்கவில்லை. தொட்டாலே தெரியும் என்ற பெருமை நமக்கு இருக்கும்வரை கேட்கவும் மாட்டோம். ஹாங்காங்கில் இயற்கையான ஜேடைட் என்று எதைச் சொல்லி விற்கலாம் என்பதற்கே சட்டத்தில் விளக்கம் உண்டு.

தரத்தைப் பற்றிய பேச்சு A உறுதியான பிறகுதான் ஆரம்பிக்கவேண்டும். நம்மவர்கள் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடிப்பார்கள். நல்ல பச்சைக்கு மதிப்புண்டு, சரி. ஆனால் ஒளி எவ்வளவு ஆழம் ஊடுருவுகிறது, மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமா, பச்சை திட்டுத் திட்டாக இல்லாமல் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் விலையைப் புரட்டிப்போடும். வளையலில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தால் மீதி எல்லாம் வீண். கடை விளக்கில் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள். ரசீதில் ‘A வகை ஜேடைட்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடலாம்.

அம்மா இன்னும் போட்டிருக்கிறார். திருப்பிக் கொடுப்போம் என்றேன். “சோப்பு போட்டு மாட்டுனதுடா, இனிமே கழட்ட வராது” என்றார்.