ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு: தலித் தாய்க்கு யார் வீடு தருகிறார்கள்?

மணமுறிவுக்குப் பிறகு குழந்தையோடு எந்தப் பகுதியில் குடியேறுவது என்று மகளிர் பக்கங்களில் நிறைய ஆலோசனைகள் வருகின்றன. பள்ளிக்கூடம் நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் தெருவிளக்கு எரிய வேண்டும். அம்மா வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் சரியான ஆலோசனைதான். ஆனால் இவை பகுதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கான ஆலோசனை. ஒரு தலித் பெண் வீடு தேடப் போனால், வீட்டுக்காரர்கள் வடிகட்டி முடித்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குக் கிடைக்கிற 'பகுதி'.

கடலூரை எடுத்துக்கொள்வோம். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் இருப்பதால் மஞ்சக்குப்பம் வசதி. பேருந்து நிலையமும் ரயிலடியும் பக்கத்திலேயே இருப்பதால் திருப்பாதிரிப்புலியூர் வசதி. சிப்காட்டில் வேலை என்றால் முதுநகர் பக்கம் வசதி. சிதம்பரத்தில், மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்க்கிறவருக்கு அண்ணாமலைநகர் வசதி. 1929இல் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு வீடு விட்டுப் பழகிய இடம் அது. வரைபடத்தில் எல்லாமே திறந்துதான் கிடக்கிறது. வாசலில் போய் நின்றால்தான் தெரியும்.

"எந்த ஊரு?" ஊர் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அந்த ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொல்லத் தயங்கினால், "ஊரா, காலனியா?" இவ்வளவு நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் "கவிச்சி சாப்பிடுவீங்களா?" என்று சுற்றி வருவார்கள். இது முதல் பூட்டு. இதைத் தாண்டினால் இரண்டாவது காத்திருக்கிறது. "சார் வரலையா? சார் என்ன வேலை பாக்குறார்?" பிரிந்துவிட்டோம் என்று சொன்ன நொடியில் பேச்சு முடிந்துவிடும். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்." "பையன் அடுத்த மாசம் வெளிநாட்டுலேர்ந்து வர்றான், அவனுக்கே வேணும்." மறுநாளும் 'வீடு வாடகைக்கு' போர்டு அதே கேட்டில்தான் தொங்கும்.

இரண்டு பூட்டு என்று சொல்வதோடு நிறுத்திவிட முடியாது. ஒரு பூட்டு இன்னொன்றுக்குக் காவல் நிற்கிறது. அதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

சாதியைக் காரணம் காட்டி வீடு மறுப்பது இந்த நாட்டில் குற்றம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், நான்காவது பிரிவில் இதைச் சொல்லியிருக்கிறது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ விடாமல் தீண்டாமையின் பேரில் யார் தடுத்தாலும் தண்டனை உண்டு. குறைந்தது ஒரு மாதம், அதிகம் போனால் ஆறு மாதம் சிறை. அதோடு 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். பன்னிரண்டாவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புடையது.

இப்போது வீட்டுக்காரரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். "சாதிக்காக மறுக்கவில்லை, புருஷன் இல்லாத பொம்பளைக்கு வீடு விடுவதில்லை" என்று அவர் சொன்னால் என்ன ஆகும்? கணவன் இல்லை என்பதற்காக வீடு மறுப்பதைக் குற்றம் என்று சொல்ல நம்மிடம் சட்டம் இல்லை. ஆக, சாதிக்காக மறுத்தவர் தப்பிக்க வேண்டிய வழியை ஆணாதிக்கம் திறந்து வைத்திருக்கிறது. மணமுறிவு பெற்ற ஆதிக்க சாதிப் பெண்ணுக்கு ஒரு பூட்டு. கணவனோடு வருகிற தலித் பெண்ணுக்கு ஒரு பூட்டு. தனியாக வருகிற தலித் தாய்க்கு இரண்டும் சேர்ந்து விழும்போது, எந்தப் பூட்டு எந்தக் கையால் போடப்பட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாமல் போகிறது. புகார் எழுத உட்கார்ந்தால் எழுத வரி இல்லை.

இந்தச் சட்டத்துக்கும் நம் மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. முதலில் இதன் பெயர் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம். அது ஏன் வேலை செய்யவில்லை என்பதை நாடு முழுக்கச் சென்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து போன எல். இளையபெருமாள். 1965இல் அமைக்கப்பட்ட அந்தக் குழு 1969இல் அறிக்கை கொடுத்தது. அந்தப் பரிந்துரைகளின் தொடர்ச்சியாகத்தான் 1976இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையானது, பெயரும் மாறியது. இளையபெருமாளின் மண்ணிலேயே ஒரு தலித் தாய் வீட்டுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்குகிறாள் என்றால், அவருக்குச் சிலை வைத்து மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

'இதெல்லாம் உங்கள் கற்பனை, நகரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்று. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் டெல்லி, நொய்டா, குர்கான், காசியாபாத், ஃபரீதாபாத் நகரங்களில் வாடகை வீடு தேடும் சோதனை ஒன்றை நடத்தி, 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியிட்டார்கள். தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பு வந்தது. முஸ்லிம்களுக்கு இன்னும் அதிகமாக வந்தது. தொலைபேசியில் கேட்டபோது இருந்ததைவிட நேரில் போனபோது மறுப்பு கூடியது. தலைநகரத்திலேயே இப்படியென்றால், மாமன் மச்சான் உறவுகளால் பின்னப்பட்ட கடலூரிலும் சிதம்பரத்திலும் நிலைமை எப்படி இருக்கும் என்று யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

குழந்தையின் விஷயத்துக்கு வருவோம். இதைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பெரியவர்கள் சாதியை மறைத்து வீடு பிடிக்கலாம். அண்ணல் படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்து விசாரணை அதோடு முடியாது. மாடிப்படியில் விளையாடுகிற ஏழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, மிட்டாய் கொடுத்து, "தாத்தா ஊர் எதுடா கண்ணு?" என்று கேட்பார்கள். அடுத்து, "அப்பா எங்க?" அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும், மாதக் கடைசிக்குள் வீடு காலி செய்யச் சொல்வார்கள். அதனால் தாய் என்ன செய்கிறாள்? "யார் கேட்டாலும் அப்பா துபாய்ல இருக்காருன்னு சொல்லு. ஊர் பேரு சொல்லாத" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் பிள்ளை தன்னை மறைக்கப் பழகுகிறது. இதற்குத் தாயைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

1917இல் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கர், தங்க இடமில்லாமல் பார்சி பெயர் ஒன்றைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். இந்து நண்பர், கிறித்தவ நண்பர் என்று இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். அவரே எழுதி வைத்திருக்கிற செய்தி இது. அப்போது அவருக்கு வயது 26. அந்தப் பொய்யைச் சொல்லும் சுமையை இன்று ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

மறைத்து வாழ்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதி மறுத்து மணம் செய்து பிரிந்த தலித் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தந்தை ஆதிக்க சாதிக்காரராக இருந்தாலும், தலித் தாயிடம் வளர்ந்து, அந்தச் சமூகத்தின் இழிவையும் இழப்பையும் சேர்ந்து அனுபவித்த பிள்ளை, தாயின் சாதியைக் கோரி அதற்கான ஆதாரங்களைக் காட்டலாம் என்று ரமேஷ்பாய் தபாய் நாய்க்கா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, எங்கே, யாராக வாழ்ந்தாய் என்பது சான்று ஆகிறது. வீட்டுக்காக மறைத்தால் சான்றிதழுக்குச் சிக்கல். சான்றிதழுக்காகச் சொன்னால் வீட்டுக்குச் சிக்கல்.

பள்ளிக்கூடமும் இதே முடிச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். நல்ல பள்ளி இருக்கிற தெருவில் வீடு மறுக்கப்பட்டால் அந்தப் பள்ளியும் சேர்த்தே மறுக்கப்படுகிறது. மிஞ்சுவது தாழ்வான இடங்கள். 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் கடலூரில் எந்த மாதிரி இடங்களில் தண்ணீர் நின்றது என்பதை இந்த ஊர் மறந்திருக்காது. வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். வசைச்சொல்லாக ஆக்கப்பட்ட ஒரு பெயர் பிள்ளைகளின் முகவரியிலிருந்து போவது நல்லதே. ஆனால் காலனியிலிருந்து வெளியே வருகிறவளுக்கு ஊருக்குள் கதவு திறக்காதவரை, பெயர்ப்பலகை மாறுகிறதே தவிர எல்லை மாறவில்லை.

சிதம்பரத்துக்கு இது புதிதல்ல. நந்தனாரைத் தீயில் இறங்கச் சொன்ன பிறகே உள்ளே விட்டதாகப் புராணம் சொல்கிற ஊர் இது. அதே ஊரில் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிய சுவாமி சகஜானந்தா, ஓமக்குளத்தில் பள்ளியோடு விடுதியும் நடத்தினார். தங்க இடம் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்துப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நூறு ஆண்டுக்கு முன் அவர் பிள்ளைகளுக்குச் செய்ததை, இன்று பிள்ளையோடு வருகிற தாய்க்கு அரசு செய்ய வேண்டும்.

என்ன செய்ய முடியும்?

முதலாவது, சட்டம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு வாடகைச் சட்டம் 2019இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம், வாடகை, அட்வான்ஸ், காலி செய்வது என்று எல்லாம் அதில் உண்டு. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்பது மட்டும் இல்லை. சாதி, மதம், மணநிலை, குழந்தை இருப்பது ஆகிய காரணங்களால் மறுக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். அது வந்தால், 'புருஷன் இல்லாதவள்' என்ற சாக்கு செல்லாது, முதல் பூட்டும் வெளிச்சத்துக்கு வரும். இது நடக்காத கனவு அல்ல. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு வசதியில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வீடு மறுப்பதையும் 1988இல் அதில் சேர்த்தார்கள்.

இரண்டாவது, அரசு வீடுகள். 1997இல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தபோது, குடியிருப்பைக் கலக்காமல் சாதி போகாது என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று அதில் ஒதுக்கினார்கள். அந்தச் சிந்தனை நகரத்து வாடகை வீட்டுக்கு வரவில்லை. அரசு ஊழியர்களுக்கு வீட்டுவசதி வாரியம் வாடகைக் குடியிருப்புகள் கட்டித் தருகிறதே, அதுபோல நகரின் நடுவில், பள்ளிக்குப் பக்கத்தில், தனித்து வாழும் தாய்மார்களுக்கும் கட்டித் தர வேண்டும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினால் அது இன்னொரு சேரி.

மூன்றாவது, நாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி மாடி வீடு கட்டியிருக்கிற நம் சமூகத்து ஆட்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு நம் பெண் ஒருத்தி பிள்ளையோடு வந்து நின்றால் முதல் கேள்வி என்ன? அங்கேயும் "சார் வரலையா?" தான். "தெருவுல நம்மள ஒரு மாதிரி பேசுவாங்க" என்று காரணம் சொல்கிறோம். ஆதிக்க சாதித் தெருவின் மரியாதையை நாம் ஏன் காவல் காக்க வேண்டும்? இயக்கக் கூட்டங்களில் சாதி ஒழிப்பும் பெண் விடுதலையும் பேசுகிற தோழர்கள், தங்கள் வீட்டுச் சாவியை ஒரு தனித்தாயிடம் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். வழக்கறிஞர் தோழர்கள், மறுக்கப்பட்டவரோடு காவல் நிலையம் வரை போய், நான்காவது பிரிவில் புகார் பதிய வைக்கலாம். ஒரு வழக்கு பதிவானால் பத்து வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள்.

அடிக்கிற கணவனை விட்டு வெளியே வர ஒரு பெண்ணுக்குச் சட்டம் உரிமை தருகிறது. வெளியே வந்து எங்கே போவாள்? ஒன்று பிறந்த சேரிக்கு, இல்லையென்றால் அடித்தவனிடமே. அவளுக்கு மூன்றாவதாக ஒரு கதவு வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளிகளில் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்குவதற்குள், இரண்டு ஊர்களிலும் வீடு தரத் தயாராக இருக்கிற நம் ஆட்களின் பட்டியலையாவது எழுதி முடிப்போம்.