டிஸ்னிலேண்டில் புது ஓட்டல் வருமா? நடைபாலம் எங்கே இறங்கும் என்பதில் இருக்கிறது கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில் இருக்கிறது டிஸ்னிலேண்ட். அங்கே எங்காவது ஒரு தடுப்பு வேலி போட்டால் போதும், ‘அடுத்த ஓட்டல் வருகிறது’ என்று பேச்சு கிளம்பிவிடும். வரைபடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அது நடைபாலமா, எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று ரசிகர்கள் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ‘டிஸ்னிலேண்ட் ஃபார்வர்ட்’ என்ற விரிவாக்கத் திட்டத்துக்கு 2024 மே மாதம் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, இந்த ஊகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

பார்க்க ரசிகர்களின் பொழுதுபோக்கு மாதிரிதான் தெரியும். ஆனால் ஓட்டல் எங்கே வருகிறது, ஜனங்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதை வைத்து அந்த ஊரில் தேர்தலே நடந்திருக்கிறது.

சாலைக்கு எதிரே மோட்டல் வரிசை

1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, வால்ட் டிஸ்னியின் கையில் ஓட்டல் கட்டப் பணம் மிச்சமில்லை. டிவி தயாரிப்பாளர் ஜாக் ராதர்தான் பக்கத்தில் ‘டிஸ்னிலேண்ட் ஓட்டல்’ கட்டினார். பெயரில் டிஸ்னி இருந்ததே தவிர, 1988 வரை அது டிஸ்னிக்குச் சொந்தமில்லை. சுற்றியிருந்த நிலத்தை மற்றவர்கள் வாங்கி மோட்டல்களாகக் கட்டித் தள்ளினார்கள். பிறகு புளோரிடாவுக்குப் போனபோது 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப்போட்டதற்கு இந்த அனுபவம்தான் காரணம். அனஹைமில் டிஸ்னியிடம் இருப்பது சுமார் 490 ஏக்கர்தான்.

பூங்காவுக்குக் கிழக்கே ஓடுவது ஹார்பர் புலவார்டு என்ற பெரிய சாலை. அதன் எதிர்ப்புறத்து மோட்டலில் தங்குபவர் சிக்னலில் சாலையைக் கடந்தால் சில நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடலாம். டிஸ்னிலேண்ட் ஓட்டலில் அதிக வாடகை கொடுத்துத் தங்குபவரோ, மேற்கே இருக்கும் ‘டவுன்டவுன் டிஸ்னி’ கடைத்தெரு முழுக்க நடந்து வர வேண்டும். ராத்திரி வாணவேடிக்கை முடிந்து, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்புகிறவருக்குத்தான் அந்தத் தூரத்தின் அருமை தெரியும். ஹார்பர் மோட்டல்கள் விற்பது அந்த நெருக்கத்தைத்தான்.

இந்த நிலையில்தான் கிழக்குப் பக்கம் பெரிய அடுக்குமாடி பார்க்கிங், அங்கிருந்து ஹார்பர் சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் என்ற திட்டத்தை டிஸ்னி கொண்டுவந்தது. சாலையில் இறங்காமல் நேராகப் பூங்காவுக்குள் போகலாம், விபத்து பயமில்லை, போக்குவரத்தும் நிற்காது. எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எதிர்ப்புறத்து வியாபாரிகள் வரைபடத்தைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்கள். பாலத்தில் ஏற வேண்டுமானால் அவர்களுடைய விருந்தினர்கள் பின்பக்கமாகச் சுற்றிப்போய் டிஸ்னியின் பார்க்கிங்குக்குள் நுழைய வேண்டும். கண்ணெதிரே தெரியும் வாசலுக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. எதிர்ப்பு ஓயவில்லை, 2017 அக்டோபரில் டிஸ்னி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, பார்க்கிங்கை மேற்குப் பக்கம் கொண்டுபோனது.

கைக்கு வந்து நழுவிய 700 அறைகள்

ஓட்டல் கதை இன்னும் சுவாரஸ்யம். உயர்தர ஓட்டல்களை ஈர்க்க அனஹைம் ஒரு சலுகை வைத்திருந்தது. அங்கே அறை வாடகையில் 15% நகரத்துக்கு வரி. 400 டாலர் வாடகை என்றால் 60 டாலர். ‘நான்கு வைரம்’ தரத்தில் ஓட்டல் கட்டினால், அந்த வரியில் 70% ஓட்டல்காரருக்கே 20 ஆண்டுகளுக்குத் திரும்பக் கிடைக்கும். அதாவது 60 டாலரில் 42 டாலர். இந்தச் சலுகையில் டிஸ்னியின் 700 அறை ஓட்டலுக்கு 2016 ஜூலையில் நகர மன்றம் 3-2 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. டிஸ்னிக்குக் கிடைக்கவிருந்த பலன் சுமார் 26.7 கோடி டாலர். எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் மேயர் டாம் டெய்ட்.

அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் மன்றத்தின் பலம் டெய்ட் பக்கம் சாய்ந்தது. டிசம்பரிலேயே புதிய ஓட்டல்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். 2017-ல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இந்தச் சலுகைகளைத் துருவி எழுத, கோபித்துக்கொண்ட டிஸ்னி அந்தப் பத்திரிகையின் விமர்சகர்களைத் தன் சினிமா முன்னோட்டக் காட்சிகளுக்கு வரவிடவில்லை. மற்ற ஊர் விமர்சகர்கள் போர்க்கொடி தூக்கியதும் தடையை விலக்கிக்கொண்டது.

கவிழ்ந்தது ஒரு சின்ன விஷயத்தில். ஒப்பந்தம் போட்ட இடத்திலிருந்து ஓட்டலை டவுன்டவுன் டிஸ்னி பக்கம் நகர்த்தினார்கள். இடம் மாறிவிட்டதால் பழைய சலுகை செல்லாது என்றார் நகரத்தின் வழக்கறிஞர். அதற்குள் 2018 ஜூனிலேயே அந்த இடத்திலிருந்த தியேட்டர், ரெயின்ஃபாரஸ்ட் கஃபே, ஈஎஸ்பிஎன் ஸோன் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. ஆகஸ்டில் சலுகை ஒப்பந்தங்களே வேண்டாம் என்று டிஸ்னி எழுதிக்கொடுத்தது. அக்டோபரில் ஓட்டலும் ரத்து.

சலுகை வேண்டாம் என்றதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்ததாகப் பலர் அப்போதே சொன்னார்கள். நகரத்திடம் வரிச் சலுகை வாங்கும் சுற்றுலா நிறுவனங்கள் தொழிலாளர்களுக்கு மணிக்கு 15 டாலரில் தொடங்கி உயரும் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என்ற ‘மெஷர் எல்’ 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து, ஜெயித்தது. ‘எங்களுக்குத்தான் சலுகையே இல்லையே’ என்றது டிஸ்னி. தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பூங்கா விரிவாக்கத்துக்காக நகரம் கடன் பத்திரம் வெளியிட்ட 1996 ஒப்பந்தத்திலேயே வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது என்று 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 23.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது டிஸ்னி. ஓட்டல் வரவில்லை, சம்பள பாக்கி வந்தது.

சரி, இப்போது?

2024 ஒப்புதல் டிஸ்னிக்குப் புதிதாக ஒரு அறைகூட அதிகம் தரவில்லை. ஓட்டல் அறைகளுக்கான அனுமதி 1990-களிலேயே கையில் இருக்கிறது. எது எங்கே வரலாம் என்று போட்டிருந்த கட்டங்கள்தான் தளர்ந்திருக்கின்றன. ஓட்டல் பகுதியில் ரைடு வரலாம். தெற்கே இருக்கும் டாய் ஸ்டோரி பார்க்கிங் மைதானத்தில் கடையும் ஓட்டலும் வரலாம். ஹார்பர் சாலை நடைபாலமும் இந்தத் திட்டத்தில் மறுபடி இடம்பிடித்திருக்கிறது.

பதிலுக்கு 10 ஆண்டுகளில் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு, மலிவு வீடுகளுக்கு 3 கோடி, மேஜிக் வே உள்ளிட்ட தெருக்களை வாங்கிக்கொள்ள 4 கோடி என்று டிஸ்னி ஒப்புக்கொண்டது. இந்த முறை அறை வரியில் பங்கு கேட்கவில்லை.

ஊகக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். 190 கோடியைப் பூங்காவிலும் போடலாம், ஓட்டலிலும் போடலாம். ஓட்டல் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2024 ஆகஸ்டில் டிஸ்னி மேடை போட்டுச் சொன்னவை ‘கோகோ’, ‘அவதார்’, ‘அவெஞ்சர்ஸ்’ என்று ரைடு சமாச்சாரங்கள்தான். அந்தத் தொகையில் பெரும்பகுதியை அவையே விழுங்கிவிடும்.

வரிச் சலுகை இல்லாமல், கூடுதல் சம்பளத்தில், பெரிய ஓட்டல் நடத்துவது பழைய கணக்கு அல்ல. 2023 செப்டம்பரில் டிஸ்னிலேண்ட் ஓட்டல் வளாகத்தில் திறந்த புதுக் கோபுரமும் வழக்கமான ஓட்டல் இல்லை. ‘வெகேஷன் கிளப்’ உறுப்பினர்களிடம் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விற்கிற டைம்ஷேர் முறை. போட்ட முதல் சீக்கிரம் திரும்பிவிடும். அடுத்து ஏதாவது எழும்பினாலும் அதுவும் இந்த ஜாதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாலம் அப்படியல்ல. கிழக்கே பார்க்கிங் எழும்பினால் அங்கிருந்து வரும் கூட்டத்தை ஹார்பர் சாலையின் சிக்னலில் நிறுத்திவைக்க முடியாது. எனவே ஓட்டலைவிடப் பாலத்துக்கே முதலில் வேலை நடக்கும். மோட்டல்காரர்கள் பார்க்கப்போவது பாலத்தின் அழகை அல்ல. படிக்கட்டும் லிஃப்ட்டும் ஹார்பர் நடைபாதையில் இறங்குகின்றனவா, பாதுகாப்புச் சோதனை பாலத்தின் எந்த முனையில் வருகிறது, இப்போது சிக்னலைக் கடந்து நுழையும் வாசல் திறந்தே இருக்குமா என்பதைத்தான்.