கவிச்சி வாடை

ஒஸாகா நகரத்தில் பத்து நாள் விடுமுறையைக் கழித்துவிட்டு நானும் என் மனைவியும் ராயபுரத்துக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. இந்த மூன்று வாரத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" கோட்டையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பறக்கிற ரயிலைப் பற்றியும் விசாரிக்கவில்லை. கேட்ட தோரணை இருக்கிறதே, அது துக்கம் விசாரிக்கிற தோரணை.

போகட்டும், பரிவினால் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால், ஒரு காலத்தில் எங்கள் தெருவில் குடியிருந்து, இப்போது தெற்கே அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போய்விட்ட என் பழைய நண்பர் சொன்னதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "உங்களுக்கென்னப்பா, ராயபுரத்துக்காரங்க. மீன் நாத்தத்துலேயே பொறந்து வளந்தவங்க. எங்களால முடியுமா?" என்றார்.

இந்த நண்பர் சைவர் அல்லர். நகரத்துக்குள் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பச்சை மீன் சாப்பிட்ட வைபவத்தை என்னிடம் மூன்று தடவை வர்ணித்திருக்கிறார். வீட்டில் மட்டும் மீன் வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால், "அக்கம்பக்கத்திலே என்ன நினைப்பாங்க?" என்பார். கருவாடு என்ற வார்த்தையை உச்சரித்தால்கூட முகத்தைச் சுளிப்பார். அவர் மேல் எனக்கு உண்டான கோபம்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவர்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரக்கறி உண்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஜப்பானில் அவர்கள் படுகிற பாடு மெய்யான பாடு. பார்வைக்கு வெறும் காய்கறியாகத் தெரிகிற பாத்திரத்திலும் மீன் ஊறிய நீர் இருக்கும். அவர்களுக்கென்று ஒஸாகாவிலிருந்து ரயிலேறிப் போனால் கோயாசான் மலையில் புத்த மடங்கள் இருக்கின்றன. கடற்பாசியும் காளானும் போட்டுக் காய்ச்சிய சாற்றில் பிக்ஷுக்கள் செய்யும் சமையல் அங்கே கிடைக்கும். விரதத்துக்காகச் சிரமப்படுகிறவனைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் தோன்றுகிறது. மீனைத் தின்றுகொண்டே மீனுக்கு வெட்கப்படுகிறவனைப் பார்த்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

ஒஸாகாவில் நாங்கள் முதல் ராத்திரி சாப்பிட்டது ஒரு ரயிலடிக் கடையில். வாசலில் ஒரு யந்திரம். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். சீட்டை உள்ளே கொடுத்தால் சாப்பாடு வரும். பொத்தான்களில் எழுதியிருந்ததெல்லாம் எங்களுக்குக் கோலம். நல்ல வேளையாகக் கண்ணாடி அலமாரிக்குள் ஒவ்வொரு பண்டத்தையும் அச்சு அசலாகப் பொம்மை செய்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை விரலால் காட்டினோம். உடோன் என்கிற தடித்த கோதுமைச் சேமியா, பெரிய கிண்ணம் நிறையச் சூடான சாற்றில் மிதந்துகொண்டு வந்தது. சாறு தண்ணீர்போல் தெளிவாக, கொஞ்சம் பொன்னிறமாக இருந்தது.

என் மனைவி காசிமேட்டு மீன் வியாபாரிகள் வீட்டுப் பெண். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, இது எங்க அம்மா வெக்கற நெத்திலிக் கருவாட்டுத் தண்ணிங்க. உப்பும் மொளகாயும்தான் இல்ல" என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் சிரித்தது என் மடமை. விசாரித்துப் பார்த்ததில் அவள் சொன்னது முக்கால்வாசி சரி. ஜப்பானியச் சமையலுக்கு அஸ்திவாரம் 'தாஷி' என்கிற இந்தச் சாறுதான். கொம்பு என்னும் கடற்பாசி ஒரு சரக்கு. வடகோடி ஹொக்காய்டோவிலிருந்து அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக ஒஸாகாவுக்கு வந்து இறங்கிய பண்டம் அது. ஒஸாகாக்காரர்களின் சாற்றில் அதன் ருசி இன்றும் தூக்கலாக இருக்கிறது. இரண்டாவது சரக்கு சூரை மீன். வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, தச்சன் இழைப்புளியில் சீவுவதுபோல் சீவிப் போடுகிறார்கள். இலங்கையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் இதே ஜாதி மீனை இடித்து 'மாசி' என்று சம்பலில் போடுகிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். மூன்றாவது சரக்கு, அவித்து உலர்த்திய பொடி மீன். நம் நெத்திலிக் கருவாட்டுக்கு ஜப்பானிய வேஷம் போட்டால் அதுதான். 1908-ல் தோக்கியோவில் இக்கெதா என்ற ரசாயனப் பேராசிரியர் கொம்பு ஊறிய சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, அதைத் தனியே பிரித்து எடுத்து, 'உமாமி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். (அதிலிருந்து பிறந்ததுதான் நம் வீட்டுப் பெண்மணிகள் பேரைக் கேட்டாலே நடுங்குகிற அஜினமோட்டோ. அது வேறு கதை.) ஒரு தேசம் தன் கிண்ணத்தில் இருந்த சாற்றுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. நாம் நம் சாற்றைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொதிக்க வைக்கிறோம்!

மறுநாள் ஷின்செக்காய் என்ற பழைய பேட்டைக்குப் போனோம். தொழிலாளிகள் சாப்பிட்டு வளர்த்த இடம். நம் தண்டையார்ப்பேட்டையின் சாயல் இருந்தது. அங்கே எதையும் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். பலகையின் மேல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழம்புப் பாத்திரம். அதற்கு ஒரு சட்டம்: குச்சியை ஒரு தடவைதான் முக்கலாம். கடித்த பிறகு மறுபடி முக்கக் கூடாது. பல கடைகளில் இப்போது குழம்பைப் புட்டியில் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. நாங்கள் போன கடையில் பாத்திரமும் இருந்தது, எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. என் மனைவிக்கு அந்தக் கடை பிடித்துப்போய்விட்டது. "எச்சில் பாக்கறவங்க. நம்ம ஜனங்கதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஒரு சண்டையும் போட்டேன், மறைப்பானேன். ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்ததுமே கேட்காத ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசம் என்று நினைத்துத் தின்றேன். பில்லில் அதற்கும் தொகை இருந்தது. நான் கைகளை ஆட்டி வாதாடினேன். பிறகுதான் அது ஊர் வழக்கம் என்று தெரிந்தது. அவமானத்துக்குப் பரிகாரமாக இனாம் வைத்தேன். சிப்பந்திப் பையன் தெருமுனை வரைக்கும் ஓடிவந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் ஆறாம் நாள் நடந்தது. எட்டு நாற்காலி மட்டுமே உள்ள ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மீன்களை அடுக்கி வைத்துக்கொண்டு, எதிரே நின்று வெட்டித் தருகிறவர் எழுபது வயதுக் கிழவர். கடையில் மீன் வாடை என்பதே இல்லை. மீன் இல்லாததாலா? இல்லை, பிடித்த கணத்திலிருந்து தட்டுக்கு வருகிற வரைக்கும் ஒவ்வொரு கையும் அதை மரியாதையாகத் தொட்டிருப்பதால். நாற்றம் மீனின் குணமல்ல ஐயா, நம் அலட்சியத்தின் குணம். ஐஸ் இல்லாத கூடையும், சாக்கடை ஓடுகிற தரையும், மூடியில்லாத வண்டியும் சேர்ந்து உண்டாக்குவதை மீனின் தலையில் கட்டுகிறோம்.

என் மனைவி பச்சை மீனைத் தொடவில்லை. அந்த விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு மீனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, நம்ம வஞ்சிரத்துக்குத் தம்பி மாதிரி கீது!" என்றாள். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கிழவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பெயர் ஸவாரா என்றார். மீன் என்ற குறியையும் வசந்தம் என்ற குறியையும் சேர்த்து அந்தப் பெயரை எழுதுவார்களாம். அவள் சொன்னது மெத்தச் சரி: இரண்டும் ஒரே இனம்தான். என் மனைவி தன் கைப்பேசியிலிருந்து காசிமேட்டுத் துறைமுகத்தின் படங்களைக் காட்டினாள்: விசைப்படகுகள், ஏலம், கூடையோடு அவளுடைய அத்தை. கிழவர் கத்தியைக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த அத்தையின் படத்துக்கு முன்னால் தலையைக் குனிந்து வணங்கினார். பிறகு அந்த மீனை உப்புத் தூவி, நெருப்பில் வாட்டி, அவளுக்கென்று தனியாகத் தந்தார்.

அவள் அழுதுவிட்டாள் என்று எழுதினால் நான் கதாசிரியன், ஜோடிக்கிறேன் என்பீர்கள். அதனால் எழுதவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய முதிய பெண்மணி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் பேருந்து நிலையத்தில் நின்று குரல் உடைய நியாயம் கேட்டதை யாரோ படம் பிடித்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. முதலமைச்சர் கண்டித்தார்; ஊழியர்கள் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார்கள். படம் பிடிக்க ஆள் இல்லாத நாட்களில் எத்தனை கூடைகள் இறங்கினவோ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு வந்து பாருங்கள். கார்கள் வரிசையாக நிற்கும். மூக்கில் கைக்குட்டை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம். காருக்குள் போனதும் வாசனைத் திரவியம். அங்கேயே நல்ல மீனைப் பொரித்து, புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிட எட்டு நாற்காலி போட்ட கடை வேண்டும் என்று இவர்களில் யாராவது கேட்டதுண்டா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட பேட்டை இது. விருந்தாளியை அழைத்துப் போக ஒரு மீன் சாப்பாட்டு ஹோட்டலின் பெயரைச் சொல் என்றால் நான் தெற்கே கை காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே பரிமாறுவதும் இங்கே ஏலம் போன மீன்தான். இறாலின் கதை இன்னும் வேடிக்கை. ஒஸாகாவில் ஒரு பல்பொருள் கடையின் குளிர்பெட்டியில், இந்தியாவிலிருந்து வந்தது என்று முத்திரை குத்திய இறாலைப் பார்த்தோம். பாஸ்போர்ட் எடுத்துக் கப்பல் ஏறினால் அதற்கும் கௌரவம் வந்துவிடுகிறது!

இதை ஏதோ சாப்பாட்டு ரசனைத் தகராறு என்று நினைக்க வேண்டாம். மீனை அழுக்கு என்று நினைக்கிற ஊர், மீன் வாழ்கிற தண்ணீரில் எதையும் கொட்டலாம் என்று நினைக்கும். எண்ணூர் கழிமுகத்து இறாலுக்கும் மடவைக்கும் ஒரு காலத்தில் என் மாமியார் வீட்டில் காத்திருப்பார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கலந்தது. ஆட்கள் வாளியில் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கழிமுகத்தையே கறுப்பாக்கியது. மறுபடியும் மீனவர்களின் கையில் வாளி. அதே மாதம் 26-ம் தேதி இரவு கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த நாற்றத்துக்காக எந்தப் பேருந்திலிருந்து யாரை இறக்கிவிட்டோம்?

"ஜப்பான்காரன் மட்டும் யோக்கியனா?" என்று கேட்பீர்கள். இல்லை. மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை பாதரசத்தை விட்டது. மீன் தின்ற பூனைகள் பைத்தியம் பிடித்துச் செத்தன. பிறகு மீன் தின்ற மனிதர்களுக்குக் கை கால் முடங்கியது. நோய் 1956-ல் வெளிப்பட்டது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-ல். அந்த விரிகுடா மீனுக்கு இனிப் பயமில்லை என்று அறிவித்தது 1997-ல். அங்கேயும் நோயாளிகளைத்தான் முதலில் ஊரார் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த ஜனங்கள் ஆலை வாசலிலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் நின்றார்கள். மீன் அவர்களுக்கு நாற்றமாக இருக்கவில்லை, சோறாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் வீட்டுக்கு வந்தார். ஒஸாகாவில் வாங்கிய நீலப் பூப்போட்ட கிண்ணத்தில் என் மனைவி சூடாகச் சாறு கொண்டுவந்து வைத்தாள். மேலே இரண்டு வெங்காயத்தாள். "தாஷிங்கண்ணே" என்றாள். நண்பர் முதல் வாயிலேயே சொக்கிப்போனார். "இதுதான்யா அசல்! ஹோட்டல்காரன் குடுக்கறதெல்லாம் டூப்" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது, அங்கிருந்து கொண்டுவந்த பொட்டலம் மிச்சமிருந்தால் கொஞ்சம் தரும்படி என் மனைவியிடம் கேட்டார். அவளும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

காசிமேட்டு நெத்திலி. தலையைக் கிள்ளி, மூன்று தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் காய வைத்தது. அவர் வீட்டில் இந்நேரம் கொதித்துக்கொண்டிருக்கலாம்.