குளிரூட்டித் திருத்த வேலையும் கேள்விக்குட்படாத கட்டணங்களும்

ஒரு காலத்தில் செல்வந்தர் வீடுகளின் அடையாளமாக விளங்கிய குளிரூட்டி, இன்று கொழும்பின் தொடர்மாடிகளில் மட்டுமன்றி யாழ்ப்பாணம், மன்னார், காத்தான்குடி, கல்முனை என வெப்பம் மிகுந்த ஊர்களின் நடுத்தரக் குடும்பங்களிலும் இடம்பிடித்துள்ளது. வெள்ளவத்தையில் ஜன்னலைத் திறந்தால் காலி வீதியின் புகையும் இரைச்சலும் உள்ளே வருகின்றன. மூடினால் அறை கொதிக்கின்றது. நோயாளியோ வயோதிபரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் இதனை ஆடம்பரம் என ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், வாங்கும்போது பத்துக் கடைகளில் விலை விசாரிக்கும் நாம், பழுதடைந்த பின்னர் திருத்துநர் கேட்கும் தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகின்றோம்.

மார்ச் மாதத்திலிருந்து மே வரையான வெக்கைக் காலத்தில் பல வீடுகளில் நிகழ்வதைப் பாருங்கள். குளிரூட்டி போதிய அளவு குளிர்விப்பதில்லை. திருத்துநர் வருகின்றார். வெளிப்புறப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஸ் குறைந்துவிட்டது, அடிக்க வேண்டும்" என்கின்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிகின்றது. பற்றுச்சீட்டு இல்லை. எந்த வாயு, எத்தனை கிராம் நிரப்பப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே காட்சி மீண்டும் அரங்கேறுகின்றது. வருடாந்தம் காஸ் அடிப்பது வாகனத்துக்கு எண்ணெய் மாற்றுவதைப் போன்றதொரு வழமையான பராமரிப்பு என்றே எம்மவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கின்றனர்.

இந்த நம்பிக்கை முற்றிலும் தவறானதாகும். குளிரூட்டியினுள் இருக்கும் வாயு பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் மீண்டும் மீண்டும் சுற்றிவருவதே அதன் பணி. அது குறைந்திருக்கின்றது என்றால் எங்கோ ஒழுக்கு இருக்கின்றது என்பதே பொருள். ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பானது. பல சந்தர்ப்பங்களில் அந்த ஒழுக்கு செப்புக் குழாய்கள் பொருந்தும் இடத்திலேயே இருக்கும். சவர்க்கார நுரையைப் பூசினால் குமிழி கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பின்னர் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரப்பதனையும் வெற்றிடப் பம்பியால் வெளியேற்றி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவைத் தராசில் நிறுத்து நிரப்புவதே முறையாகும். பம்பியும் தராசும் இல்லாமல் வருபவரிடம் காஸ் அடிக்கச் சொல்வதில் பயனில்லை.

எந்த வாயு என்பதும் முக்கியமானது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஆர்-22 உள்ளது. ஓசோன் படையைச் சிதைக்கும் இவ்வாயுவை மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் இலங்கை உள்ளிட்ட வளர்முக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. இவ்வகை வாயுக்களின் பாவனை 2025 இல் அடிப்படை மட்டத்திலிருந்து 67.5 வீதத்தால் குறைக்கப்பட வேண்டும். 2030 இல் பழைய இயந்திரங்களைப் பராமரிப்பதற்கென மிகச் சிறிய பங்கு மாத்திரமே எஞ்சும். அரிதாகும் பொருளின் விலை ஏறும் என்பதை விளக்கத் தேவையில்லை. பின்னர் வந்த ஆர்-410ஏ ஓசோனைப் பாதிக்காவிடினும் புவி வெப்பமடைதலுக்குப் பெரிதும் துணைபோவது. புதிய இயந்திரங்களில் காணப்படும் ஆர்-32 அவ்வகையில் ஓரளவு மேலானது. ஆனால் சிறிதளவு தீப்பற்றக்கூடியது. ஒன்றுக்குரிய இயந்திரத்தில் மற்றொன்றை நிரப்புவது கொம்பிரசரைப் பாழாக்கும். சில வேளை உயிராபத்தையும் விளைவிக்கும். இயந்திரத்தில் ஒட்டப்பட்டுள்ள விபரச் சீட்டில் வாயுவின் பெயரும் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அதனை வாசித்துவிட்டுத் திருத்துநரை அழைப்பது நல்லது.

செலவு ஏறியதற்குத் திருத்துநர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. வாயுவும் உதிரிப்பாகங்களும் இறக்குமதியாகின்றவை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, ஓரிரு மாதங்களில் 360 ரூபாவையும் தாண்டியது. ரூபா பின்னர் ஓரளவு மீண்டபோதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது கைதேர்ந்த தொழிலாளர் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். இவையெல்லாம் உண்மை. ஆனால் விலை ஏறியமை வேறு, விபரம் மறைக்கப்படுகின்றமை வேறு.

ஏனெனில் பழுதுகள் யாவும் ஒரே தரத்தவை அல்ல. அறைக்குள் தண்ணீர் சொட்டுவதற்குப் பெரும்பாலும் வடிகுழாய் அடைபட்டிருப்பதே காரணம். காற்று குறைவது வடிகட்டியில் படிந்த தூசியாலாக இருக்கலாம். அதனை வீட்டிலேயே கழுவிவிடலாம். வெளிப்புறப் பெட்டி உறுமிவிட்டு இயங்காமல் நின்றால் கெப்பாசிற்றர் எனப்படும் சிறிய பாகம் பழுதாகியிருக்கக்கூடும். இது மலிவானது. இவ்விடத்திலேயே "கொம்பிரசர் போய்விட்டது" என்ற தீர்ப்பு அவசரமாக வழங்கப்படுவதுண்டு. கொம்பிரசரையும் மின்சுற்றுப் பலகையையும் மாற்றுவதே உண்மையில் பெருஞ்செலவு. அத்தகைய தீர்ப்பு வந்தால் மற்றொருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுப்பதில் தவறில்லை.

கடலோர ஊர்களுக்கு வேறொரு பகையும் உண்டு. உப்புக் காற்று வெளிப்புறப் பெட்டியின் அலுமினியத் தகடுகளையும் குழாய்களையும் அரித்துவிடுகின்றது. ஒழுங்காக நன்னீரால் கழுவினால் ஆயுள் நீளும். மின்வழங்கலின் ஏற்ற இறக்கம் அடுத்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையக் கோளாறினால் நாடே இருளில் மூழ்கியது (பழி ஒரு குரங்கின் மீது விழுந்தது!). இத்தகைய வேளைகளில் சுவிட்சை நிறுத்திவைத்து, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் சென்ற பின்னர் இயக்குவது மின்சுற்றுப் பலகையைக் காப்பாற்றும்.

அப்படியானால் திருத்துவதா, புதிது வாங்குவதா? பத்து வருடங்களைக் கடந்த, ஆர்-22 வாயுவில் இயங்கும் இயந்திரத்தின் கொம்பிரசர் பழுதானால் அதில் மேலும் பணத்தைக் கொட்டுவது உசிதமன்று என்பதே எமது கருத்து. மின்பட்டியலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஒரு தொன் கொள்ளளவுடைய பழைய வகைக் குளிரூட்டி அண்ணளவாக ஒரு கிலோவாற் மின்சாரத்தை எடுக்கும். இரவில் அதன் கொம்பிரசர் மொத்தமாக ஆறு மணி நேரம் ஓடினால் ஆறு அலகுகள்; மாதத்துக்கு 180. அண்மைக் காலக் கட்டண முறையில் 180 அலகுகளைத் தாண்டுவது அதியுயர் படிக்குள் விழுவதாகும். ஏனைய பாவனையும் சேரும்போது அந்தக் குடும்பத்தின் நிலை சொல்லத் தேவையில்லை. இன்வேட்டர் வகை இதில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்தும். மாறாக, நான்கைந்து வருடமே ஆன இயந்திரத்தில் கெப்பாசிற்றரோ ஒழுக்கோ பிரச்சினை என்றால் திருத்துவதே இலாபம். தவணைமுறையில் புதிது வாங்குமாறு தூண்டும் விளம்பரங்களைக் கண்டு ஏமாறலாகாது. நீண்டகால உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடப்படுவது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டுமே உரியது. வாயுவும் கூலியும் அதில் அடங்குவது அரிது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். சேவை உரிய கவனத்துடனும் திறனுடனும் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. குறைபாடு இருப்பின் மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவர் எதனைக் கொண்டு முறையிடுவது? வேலை தொடங்குமுன் மதிப்பீடு, முடிந்ததும் வாயுவின் வகையும் நிறையும் உதிரிப்பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதப்பட்ட சீட்டு ஆகியவற்றை அதிகார சபை கட்டாயமாக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் வரவேண்டும்.

திருத்துநர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கின்றது. கட்டாரிலும் சவூதியிலும் பல வருடங்கள் இதே தொழிலைச் செய்து ஊர் திரும்பியவர்கள் கிழக்கிலும் புத்தளத்திலும் இருக்கின்றனர். அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை. ஆகவே அரைகுறையாகக் கற்றவருக்கும் இவர்களுக்கும் இடையில் வேறுபாடு காண்பதற்கு வீட்டுக்காரருக்கு வழியில்லை. முன்பெற்ற அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றது. அதனைத் தமிழ்மொழி மூலம், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் நடமாடும் பரீட்சைகளாக நடத்தி, தேறியவர்களின் பெயர்ப்பட்டியலைப் பிரதேச செயலகங்களில் காட்சிப்படுத்தலாம். அடுத்த வெக்கைக் காலத்துக்கு முன்னரே இதனைத் தொடங்குவதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவைப்படாது.