ஆனந்த்டெக்குக்கு ஒரு குற்றவாளியின் அஞ்சலி

தில்லிக்கு வேலைக்கு வந்த புதுசில், நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கப் போகும் முன் நான் கும்பிட்ட சாமி ஆனந்த்டெக். அரைகுறை ஹிந்தியில் பேரம் பேச வராது. ஆனால் எந்த மதர்போர்டு தேறும் என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுப் போவேன். கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்ததை வேண்டாம் என்று சொல்ல அது போதும்.

1997-ல் 14 வயசுப் பையன் ஆனந்த் லால் ஷிம்பி ஆரம்பித்தது. 2014-ல் அவர் விலகினார். அதே வருஷம் தளமும் கைமாறியது. 2024 ஆகஸ்ட் 30 அன்று ஆசிரியர் ரயன் ஸ்மித் விடைபெறும் கடிதம் எழுதி மூடினார். 27 வருஷம்!

அன்றைக்கு நண்பர்கள் எல்லாரும் ஒரே புலம்பல். நானும்தான். ஒருத்தர் மட்டும் கேட்டார்: "கடைசியா அதை எப்பய்யா படிச்சே?"

பதில் இல்லை. பையனுக்கு லேப்டாப் வாங்கியது யூட்யூபில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு. படித்த காலத்திலும் விளம்பரத்தைத் தடுத்து வைத்திருந்தேன். சாமானெல்லாம் மாலில் வாங்கிவிட்டு, அண்ணாச்சி கடை மூடினால் மட்டும் கண்ணீர் விடுகிற கதை.

ஒரு சிப்பை நாள்கணக்கில் சோதித்து எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டாமா? உங்களுக்குப் பிடித்த தளம் ஒன்றுக்காவது சந்தா கட்டுங்கள். போன வாரம் நான் கட்டினேன்.

"ஓசியில் கிடைக்கிறதுக்கு எதுக்குக் காசு?" என்றார் தங்கமணி.

ஓசியில் கிடைத்ததுதானே போய்விட்டது...